கூப்பிட்டதும் நிறுத்த முடிகிற ஆட்டங்கள்

அமலா வேலையிலிருந்து வந்து பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு நடுவில் கறுப்புப் பை இல்லை. சேலைகள் கலையவில்லை. பையை மட்டும் உருவி எடுத்திருந்தார்கள்.

பைக்குள் அவளுடைய கேம் மெஷின் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து விளையாடுவது. நடுவில் திரை, இரு பக்கமும் பெருவிரலுக்கு ஒரு குமிழ். கூடவே கேம் கார்டுகள், தபால்தலை அளவில். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கியது.

சமையலறையில் மாமியார் செல்வராணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அத்த, பீரோவுல ஒரு கறுப்புப் பை இருந்துச்சே.”

“இருந்துச்சு.”

“இப்ப எங்க?”

“கோயில்ல.”

அமலாவுக்குப் புரியவில்லை. செல்வராணி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்தோணியாருக்குக் காணிக்கையாப் போட்டுட்டேன். காலைலயே போயி பீடத்துல வெச்சேன். சாமியாரு மந்திரிச்சிட்டாரு.”

“அது என் பொருளு.”

“இந்த வூட்டுப் பொருளு.”

தவக்காலத்தில் அமலாவின் கணவன் விக்டர் திண்டிவனம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தான். நெல் லாரி ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வராணி முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால், வீட்டில் ரொம்பப் பிரியமான பொருள் எதுவோ அதைத் திருவிழாவுக்குக் காணிக்கையாகத் தருவதாக. பிள்ளை பிழைத்தான். இடது காலில் கம்பி வைத்திருந்தார்கள். இப்போது கொஞ்சம் சாய்ந்து நடந்து, மோட்டார் காயில் கட்டும் கடைக்கு வேலைக்குப் போகிறான். வருகிற ஞாயிறு திருவிழா.

“நேந்துகிட்டது நீங்க. உங்க பொருளக் குடுங்க.”

“என்கிட்ட இன்னா இருக்குது? வளையல ஆஸ்பத்திரிக்கு வித்தாச்சு. கம்மலு கவரிங்கு. நானும் யோசிச்சுப் பாத்தேன். இந்த வூட்டுல பிரியமா ஒரு பொருள வெச்சிருக்கறது நீ ஒருத்திதான்.”

“கேக்காம எடுத்துட்டுப் போனா அது காணிக்கையா?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.”

செல்வராணி வெறும் காம்பை முறத்தில் போட்டாள்.

“என் புள்ள உள்ள கெடக்கறான். ரத்தம் ஏத்துறாங்க. நீ வராந்தா பெஞ்சுல உக்காந்து அதத் தட்டிகிட்டு இருந்த. நர்ஸு பாத்தா. எங்க சித்தி மவ பாத்தா. நான் சாமியக் கும்பிடறேன், நீ ஜப்பான் பொம்மைக்கு சோறு ஊட்டிகிட்டு இருக்கற. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

அன்று அவள் கை நடுங்கியது. மெஷினைப் பிடித்திருந்தபோது மட்டும் நடுங்கவில்லை. அதை இவளிடம் சொல்ல வேண்டியதில்லை என்று அன்றே நினைத்தாள். இன்றும் அப்படியே நினைத்தாள்.

“பொழச்சது உன் புருஷன்தான?” என்றாள் செல்வராணி. “வேற எவனோ இல்லையே.”

விக்டர் சாயங்காலம் வந்தான். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவன் வாசலிலேயே நின்று கேட்டான்.

“அம்மா நேந்துகிட்டாங்க அமலா. நான் இன்னா பண்றது?”

“போயி வாங்கிட்டு வாங்க.”

“சாமிக்குக் குடுத்தத எப்டி திருப்பிக் கேக்கறது? கால்ல கம்பியோட நிக்கறேன் நானு.”

“அப்ப அந்தக் கம்பியக் குடுங்க சாமிக்கு.”

“பாத்தியாடா வாய” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

விக்டர் சுவரைப் பிடித்துச் செருப்பைக் கழற்றினான். “வேற ஒண்ணு வாங்கிக்கலாம். கொஞ்ச நாள் ஆவட்டும்.”

“அதையும் அடுத்த திருவிழாவுக்குப் போடுவாங்க.”

“போடுவேன்” என்றாள் செல்வராணி.

இரவு சாப்பாட்டுக்கு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவரவர் போட்டுச் சாப்பிட்டார்கள்.

அமலாவுக்கு யூடியூபில் ஒரு பக்கம் இருந்தது. அதில் அவள் முகம் காட்டியதில்லை. ஆட்டம் ஓடும், மேலே அவள் குரல் வரும். அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிற பெண்களுக்கு எந்தக் கேம் சரியாக வரும் என்று சொல்வாள். மந்திரப் பள்ளிக்கூடம். பேய்கள் ஏறுகிற ரயில். மலையூரில் பாழடைந்த சத்திரத்தைத் திருத்தி நடத்துகிற பெண். காதல் உண்டா, எவ்வளவு படிக்க வேண்டும், ரத்தம் வருமா என்பதெல்லாம் மற்றவர்களும் சொல்கிறார்கள். அமலா வேறு சிலவற்றையும் சொன்னாள். கூப்பிட்டதும் நிறுத்த முடியுமா. சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடினால் கதை புரியுமா. ஒரு கையில் குழந்தை இருந்தால் மறு கையால் சமாளிக்கலாமா. நிறுத்த முடியாத ஆட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவள் சிபாரிசு செய்வதில்லை.

பெண்கள் எழுதினார்கள். ஆரணியிலிருந்து, ஓசூரிலிருந்து, துபாயிலிருந்து. அக்கா எனக்கு எது சரியா இருக்கும். ஒவ்வொருத்திக்கும் தனியாகப் பதில் எழுதினாள். ஆண்களும் எழுதினார்கள், போய்ச் சட்டி கழுவு என்று. அவற்றை அழித்தாள்.

மருந்துக்கடையில் அவள் சீட்டைப் பார்த்து பில் போடுகிறவள். வீட்டில் விக்டர் பெண்டாட்டி. அவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுச் செய்கிறவர்கள் யூடியூபில் மட்டும்தான் இருந்தார்கள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் கோயிலுக்குப் போனாள். உபதேசியார் மதலைமுத்து மணிக்கயிற்றை மாற்றிக்கொண்டிருந்தார். திருவிழா வாரத்தில் எல்லோரிடமும் எரிந்து விழுவார்.

“பீடத்துல ஏறினது எறங்காதும்மா. ஏலத்துலதான் எறங்கும்.”

“என்னக் கேக்காம எடுத்துட்டு வந்தது ஐயா.”

“கோழி கூடத்தான் போடறாங்க. கோழியக் கேட்டா போடறாங்க?”

“நான் கோழியா?”

“உன்ன யாரு சொன்னா? கயித்தப் பிடி.”

அவள் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் முடிச்சுப் போட்டார்.

“ஏலத்துல நானே எடுத்துக்கறேன்.”

“அது முடியாது. போட்ட வூட்டாரு கேக்கக் கூடாது. எங்க நைனா உபதேசியாரா இருந்தப்ப வெச்ச கட்டு. ஒருத்தன் சேவலப் போட்டுட்டு அவனே மலிவா எடுத்துட்டுப் போயி கொழம்பு வெச்சிட்டான். குடுத்தேன்னும் சொல்லிகிட்டான். ஊரு ரெண்டாச்சு.”

“வேற யாராச்சும் எடுத்தா?”

“எடுத்தவங்க பொருளு. அப்புறம் அத யாருக்குக் குடுத்தாலும் கெணத்துல போட்டாலும் நான் கேக்கறதில்ல.” முடிச்சை இழுத்துப் பார்த்தார். “நான் ஒண்ணும் சொல்லல. நீ போ.”

செஞ்சியில் அமலா இதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். வெண்மதி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தாள். தொண்டூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள். முன்பொரு முறை மெஷினில் ஒரு குமிழ் தொடாமலே நகர ஆரம்பித்தபோது அமலா அங்கே கொண்டுபோனாள். இவள் பேச ஆரம்பித்ததும் வெண்மதி தலையைத் தூக்கினாள். “அக்கா, நீங்கதான அது?” என்றாள். இந்த ஊரில் குரலை வைத்துக் கண்டுபிடித்தவள் அவள் மட்டும்தான். குமிழை மாற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எந்த வீடியோ வந்தாலும் கீழே முதல் ஆளாக எழுதினாள்.

அமலா எல்லாவற்றையும் சொன்னாள். வெண்மதி ஒரு போனின் முதுகை நகத்தால் நெம்பிக்கொண்டே கேட்டாள்.

“நீ வந்து கேளு. உன்ன அங்க யாருக்கும் தெரியாது. எவ்ளோ ஆனாலும் அன்னைக்கே குடுத்துடறேன்.”

“கோயிலுக்குள்ள நான் வரலாமாக்கா?”

“ஏலம் வெளிலதான். வல்லத்துலேர்ந்தெல்லாம் வருவாங்க. சேவலுக்காக.”

“உங்க மாமியாரு வூடு மொத்தமும் இருக்குமே.”

“அதனாலதான் உன்னக் கூப்பிடறேன்.”

முதுகு கழன்று வந்தது. வெண்மதி அதைத் துணியின் மேல் வைத்தாள்.

“எடுக்கறேன்” என்றாள்.

அந்த வாரம் ஓசூரிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். கம்பெனி பஸ்ஸில் போகும்போது விளையாட ஏதாவது சொல்லுங்கள், தூக்கம் வந்தால் பாதியில் விட்டுவிடுவேன். அமலா நினைவிலிருந்து ஒன்றை எழுதினாள். பிறகு சந்தேகம் வந்தது. அந்த ஆட்டம் பாதியில் விட்ட இடத்தை வைத்திருக்குமா, அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போய்விடுமா? போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. எழுதியதை அழித்துவிட்டு, திங்கட்கிழமை சொல்கிறேன் என்று எழுதினாள்.

ஞாயிறு திருவிழாப் பூசை முடிந்தது. பந்தலுக்கு வெளியே கால் வைக்க முடியவில்லை. சுற்றியிருந்த மலைப் பாறைகள் காலையிலேயே சூடேறிவிட்டிருந்தன. மதலைமுத்து ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று ஏலம் விட்டார். பூசணி போனது. வாழைத்தார் போனது. ஆட்டுக்குட்டி இழுபறியில் போனது. கால் கட்டிய சேவல்கள் தலைகீழாகக் கை மாறின.

பிறகு கறுப்புப் பையைத் திறந்து மெஷினை வெளியே எடுத்தார்.

“அடுத்தது செல்வராணி வூட்டுக் காணிக்கை. இது வந்து… மெசினு.”

“இன்னா மெசினு?”

“கேமு மெசினு.”

“டி.வி.யா உபதேசியாரே?”

“டி.வி. இவ்ளோ சின்னதாவா இருக்கும்?”

“பாத்ரூம்ல மாட்டிக்க.”

சிரித்தார்கள். அமலா பெண்கள் பக்கம் நின்றாள். பக்கத்தில் செல்வராணி முக்காடு போட்டு நின்றாள். பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

“சின்னப் புள்ளைங்க சாமான். சின்னப் புள்ள இல்லாத வூட்லேர்ந்து வருது பாரு.”

செல்வராணி திரும்பினாள். “என் மருமவ எதனா வெளாடுவா. உனக்கு எங்கடி வலிக்குது?”

அந்தப் பெண் வாயை மூடினாள். செல்வராணி அமலாவைப் பார்க்காமல் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாரும் கேட்கவில்லை. பந்தல் ஓரத்திலிருந்து வெண்மதி ஒரு கோழி விலைக்குக் கேட்டாள். மதலைமுத்து ஒரு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்ல வாயெடுத்தபோது வல்லத்து ராஜாங்கம் முன்னால் வந்தார். நிலக்கடலை பயிர் செய்கிறவர். சேவல் கிடைக்காத கோபத்தில் இருந்தார். மெஷினை வாங்கிக் கையில் பிடித்தார். இரண்டு குமிழையும் தள்ளிப் பார்த்தார்.

“அட. இது மருந்தடிக்கிற ட்ரோனோட ரிமோட்டுய்யா.”

“இல்லீங்க” என்றாள் வெண்மதி. “இது வேற.”

“எனக்குத் தெரியாதா? போன வாரம் எங்க கொல்லைல அடிச்சாங்க. அந்த ஆளு கைல இதேதான் இருந்துச்சு. நடுவுல திரை. ரெண்டு பக்கமும் குமிழு.”

“ட்ரோன் எங்க மாமா?” என்று ஒருவன் கேட்டான்.

“மொதல்ல ரிமோட்ட வாங்குவோம். ட்ரோன் அப்புறம் வருது.”

“மொதல்ல மூக்கணாங்கயிறு வாங்கிட்டியா மாமா? மாடு அப்புறம் வருதா?”

ராஜாங்கம் காதில் வாங்கவில்லை. விலையை ஏற்றினார். வெண்மதி ஏற்றினாள். ராஜாங்கம் சொன்னதைக் கேட்டு இன்னொரு கடலைக்காரரும் சேர்ந்துகொண்டார். ஆட்டுக்குட்டி போன விலையைத் தாண்டியது. பெஞ்சைச் சுற்றிக் கூட்டம் நெருங்கியது. செல்வராணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

அமலா வெண்மதியைப் பார்த்தாள். வெண்மதி இந்தப் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. விலை சொல்லும்போது மட்டும் உதடு அசைந்தது. நன்றாக நடிக்கிறாள் என்று அமலா நினைத்தாள்.

ராஜாங்கம் ஓரமாகப் போய் மனைவிக்கு போன் செய்தார். திரும்பி வந்தார்.

“வாணாங்கறா” என்றார்.

பந்தல் அதிரச் சிரித்தார்கள். மற்றவரும் பின்வாங்கினார். மதலைமுத்து மூன்றாம் தரம் சொல்லிப் பையை வெண்மதியிடம் கொடுத்தார்.

அமலா கூட்டம் கலையும் வரை காத்திருந்து, கோயிலுக்குப் பின்னால் பைக்குகள் நிற்கிற இடத்துக்குப் போனாள். வெண்மதி அங்கே நின்றாள். கறுப்புப் பை அவளுடைய தோள்பைக்குள் போயிருந்தது. ஜிப் போட்டிருந்தாள்.

“குடு.”

“நான் எடுத்தேங்க்கா.”

“தெரியும். இந்தா காசு. கூடவே போட்டிருக்கேன்.”

“காசு வேணாம்.”

“சும்மா குடுக்காத. வாங்கிக்க.”

“குடுக்க மாட்டேன்னு சொல்றேன்.”

அமலா சிரித்தாள். வெண்மதி சிரிக்கவில்லை.

“இன்னா வெளாடறியா?”

“வெளாடத்தான் எடுத்தேன்.” வெண்மதி தோள்பையை முன்னால் இழுத்துக்கொண்டாள். “எப்பலேர்ந்தோ கேக்கறேன் உங்க வீடியோவ. இதுல பூப் பறிக்கறது கைக்கு சுகமா இருக்குது. அதுல மழை சத்தத்த ஹெட்போன்ல கேளுங்க. இந்தப் பொண்ணு சிரிக்கறத ஒரு தடவ பாத்துடுங்கன்னு சொல்லுவீங்க. எதுல பாக்கறது? ஒடஞ்ச போன்ல உங்க வீடியோவப் பாத்துகிட்டே கேட்டேன். மெஷின் இருக்குதான்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?”

“நீ சொல்லியிருக்கலாம்.”

“குமிழ் மாத்தினேனே. கொஞ்ச நேரம் போட்டுப் பாத்துக் குடுக்கறேன்னு சொன்னேன். இன்னா சொன்னீங்க?”

அமலாவுக்கு நினைவு வரவில்லை.

“‘நகருதான்னு பாத்தா போதும், உள்ள எதையும் தொடாத’ன்னு சொன்னீங்க. ஆன் பண்ணதும் வாங்கிகிட்டீங்க.”

“அதுல என்னோட—”

“தெரியும். உங்களோடதுதான். இப்ப என்னுது.”

“நான் சொல்லித்தான் நீ இங்க வந்த.”

“ஆமா. நீங்க சொல்லித்தான் எனக்கு ஆசையே வந்துச்சு.”

“உபதேசியார்கிட்ட போறேன்.”

“போயி இன்னான்னு சொல்லுவீங்க? போட்ட வூட்டுலேர்ந்து ஆள் வெச்சுக் கேட்டேன்னா?”

செல்வராணி வந்துகொண்டிருந்தாள். வெண்மதியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“நீதான எடுத்த? எந்த ஊரு தாயி?”

“தொண்டூரும்மா.”

“நம்ம கோயிலு இல்ல போல.”

“இல்லம்மா.”

“இருக்கட்டும். அந்தோணியாரு அதெல்லாம் பாக்க மாட்டாரு. என் காணிக்கைய ஆட்டுக்குட்டிக்கு மேல ஏத்திட்ட.” பெருவிரலால் வெண்மதியின் நெற்றியில் சிலுவை போட்டாள். வெண்மதி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். குனிந்தபடியே அமலாவைப் பார்த்தாள்.

“பஸ்ஸு வந்துடும்மா” என்று சொல்லிப் போனாள்.

வீட்டில் கறிக்குழம்பு. உறவினர்கள் வந்திருந்தார்கள். செல்வராணி ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஆட்டுக்குட்டியே அதுக்குக் கீழதான். விக்டர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே அமலாவைப் பார்த்தான்.

“முடிஞ்சு போச்சு. விடு” என்றான்.

“முடியல.”

“இன்னும் இன்னா?”

மெஷினைத் திறக்க நம்பர் போட வேண்டும். அந்த நம்பர் விக்டருக்குக்கூடத் தெரியாது.

திங்கள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் சர்வீஸ் கடைக்குப் போனாள். முதலாளி இல்லை. கண்ணாடி மேசை மேல் மெஷின் கிடந்தது. திரையில் நம்பர் கேட்கும் கட்டம்.

“நம்பர் கேக்குது” என்றாள் வெண்மதி.

“கேக்கும்.”

“சொல்லு.”

பேச்சிலிருந்து ‘அக்கா’வும் போயிருந்தது, ‘நீங்க’வும் போயிருந்தது.

“மெஷினத்தான் காணிக்கையாப் போட்டாங்க. நம்பரப் போடல.”

ஒரு ஆள் போனுக்கு முன்கண்ணாடி ஒட்ட வந்தான். வெண்மதி ஒட்டினாள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றது. அட்டையால் அழுத்தி ஓரத்துக்குத் தள்ளினாள். அவன் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

“பூட்ட என்னால தெறக்க முடியாது” என்றாள் வெண்மதி. “அழிக்க முடியும். தெனம் நாலு பேருக்கு அதத்தான் பண்றேன். அழிச்சா கடைலேர்ந்து வந்த மாதிரி ஆயிடும். உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். உன் சத்திரம். சமையக்காரக் கெழவன். மாடில நீ கட்டின குளியல் ரூம்பு. அந்த நொண்டி வாத்து.”

எல்லாம் வீடியோவில் பார்த்தவை.

“நம்பர் சொன்னா அப்டியே இருக்கும். நான் அதுலேர்ந்தே வெளாடிக்கறேன். நீயும் எப்பனா வந்து பாத்துட்டுப் போ.”

அமலா மெஷினைப் பார்த்தாள். சத்திரத்துக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. அதை வீடியோவில் காட்டியதில்லை. அங்கே பேரிக்காய் மரங்கள். விக்டர் உள்ளே கிடந்த நாட்களில் நட்டவை. ஆபரேஷன் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் நிறுத்தினாள். நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் கடந்து போனதும் இன்னொன்று நட்டாள். இப்போது அவை காய்க்கிற பருவம்.

நம்பர் சொன்னால், இனி அவற்றை இந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். வெண்மதி கை வேலையாக இருந்தால் காத்திருக்க வேண்டும்.

“அழி” என்றாள்.

“நெசமாவா?”

“அழி.”

வெண்மதி அவள் முகத்தைப் பார்த்தாள். பேசி வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்திருந்தாள் போல. மெஷினை எடுத்தாள். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்தது. எதையோ கேட்டது. அவள் ஆமாம் என்றாள். மறுபடி கேட்டது. மறுபடி ஆமாம் என்றாள்.

திரை வெள்ளையாக வந்தது. எந்த மொழி என்று கேட்டது.

“அவ்ளோதான்” என்றாள் வெண்மதி.

அமலா போயிருக்கலாம். மருந்துக்கடையில் ஆட்கள் காத்திருப்பார்கள். அங்கேயே நின்றாள்.

வெண்மதி பையிலிருந்த கார்டுகளைக் கண்ணாடி மேல் கொட்டினாள். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். கை ஒன்றின் மேல் போனது. இன்னொன்றுக்கு மாறியது. நின்றது.

“எதுல ஆரம்பிக்கறது?”

பழக்கத்தில் வந்த கேள்வி. கேட்டது வெண்மதிக்கே பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்டுவிட்டாள்.

இந்தக் கேள்விக்கு அமலா யாருக்கும் பொய் சொன்னதில்லை. கார்டுகளைப் பார்த்தாள். ஓரத்தில் கிடந்த சிவப்புக் கார்டின் மேல் விரலை வைத்தாள்.

“இது.”

வெண்மதி அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கீழே வைத்தாள்.

“இத வாங்காதீங்கன்னு சொன்னவ நீ. பொண்ணு படத்தப் பாத்து ஏமாந்துடாதீங்க, உள்ள அவளுக்கு அழறதத் தவுர வேல இல்ல. செத்தா மொதல்லேர்ந்து வரணும். நடுவுல எழுந்திரிச்சா போனது போனதுதான். என் காசு போச்சு, உங்க காசாச்சும் பொழைக்கட்டும்.” ஒரு சொல் மாறாமல் சொன்னாள். அமலாவின் குரல் ஏறி இறங்குகிற இடத்தில் அவள் குரலும் ஏறி இறங்கியது.

அமலாவுக்குக் காது சுட்டது.

“உன் மாமியாரு கேக்காம எடுத்தா” என்றாள் வெண்மதி. “நான் உன் கண்ணு முன்னாடி எடுத்தேன். நீ இன்னாடான்னா சிபாரிசுலயே திருடற.”

“நீ என்னக் கேக்கற ஆளு இல்ல” என்றாள் அமலா.

“வேற யார இங்க கேக்கறது? இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்?”

வெளியே வேலூர் பஸ்ஸின் கண்டக்டர் ஊர் பேர்களைக் கத்திக்கொண்டிருந்தார். அமலா கார்டுகளை மறுபடி பார்த்தாள். பச்சைக் கார்டு மற்றவற்றுக்கு அடியில் இருந்தது. நுனி மட்டும் தெரிந்தது.

“சத்திரம்” என்றாள். “அதுலேர்ந்து ஆரம்பி.”

“அது எனக்கே தெரியும்.”

வெண்மதி பச்சைக் கார்டை உருவி மெஷினில் செருகினாள். கார்டு செருகிய இடத்தின் சின்ன மூடியைப் போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இசை வந்தது. கடையின் மட்டமான வெளிச்சத்தில் மலை வந்தது. ரயில் நின்றது. பெட்டியோடு ஒரு பெண் இறங்கினாள். அவள் முகத்தில் இன்னும் ஒன்றும் இல்லை. இதை அமலா எத்தனையோ பேருக்கு விவரித்திருக்கிறாள். அவள் மேசையின் மேல் சாய்ந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லித் திரை கேட்டது.

வெண்மதி மெஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.